ஐந்து மணிக்குள் அக்கவுண்ட் நம்பர்

“அம்மா, அக்கவுண்ட் நம்பரை மட்டும் சொல்லுங்க. அஞ்சு மணிக்குள்ள உங்களுக்குப் பணம் வந்துடும்” என்று குழைந்தான் அவன்.

“கட்டையில போறவனே! உழைச்சுச் சாப்பிடுடா!”

போன் வைக்கப்பட்டது. காலையிலிருந்து வாங்கிய நாற்பத்தோராவது வசவு அது. புதுச் சொல் எதுவும் இல்லை.

அந்த அறையில் ஆறு மேஜை, ஆறு போன், ஆறு பேர். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை மட்டும் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. உலகமே கவிழ்ந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனைத் தொட மாட்டார்கள்.

மேடம் எட்டிப் பார்த்தார். “எத்தனை பேர் மசிஞ்சாங்க?”

“ஒருத்தரும் இல்லை மேடம்.”

“முந்நூறு பேர்ல ஒரு ஆள்கூடவா? என்னய்யா பேசறீங்க? அஞ்சு மணி தாண்டினா மொத்தமும் கைவிட்டுப் போயிடும்!”

மணி நாலு இருபது. பட்டியலில் அடுத்த பெயரை அவன் இரண்டு தடவை படித்தான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொந்த அத்தையின் எண்ணையே அழுத்தினான்.

“உங்க அத்தையுமா?” பக்கத்து மேஜைக்காரர் உச்சுக்கொட்டினார்.

“அத்தை, நான்தான். அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க, சீக்கிரம்.”

“குரலைக்கூட அப்படியே மாத்திப் பேசறீங்களாடா? சொந்தக்காரன் மாதிரியே கூப்பிடுவாங்கன்னு டிவியில தினம் பத்துத் தடவை சொல்றாங்களே!”

“ஐயோ, சத்தியமா நான்தான் அத்தை! முட்டி ஆபரேஷனுக்கு நீங்க வச்சிருந்த ரெண்டு லட்சம்...”

“அதுவும் தெரிஞ்சுபோச்சா? போன வருஷம் ஒருத்தன்கிட்ட ஏமாந்தது போதும். ஆனா ஒண்ணு. திருட்டுப்பயலா இருந்தாலும் அவன் எவ்வளவு தன்மையாப் பேசினான்! சாப்பிட்டீங்களாம்மான்னு கேட்டுட்டுத்தான் நம்பரே கேட்டான். உனக்கு அந்த மரியாதைகூடத் தெரியலை.”

டொக்.

அத்தை இப்போதும் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுகிறாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“முடியலை மேடம். அரசாங்கமே கேட்டாலும் நம்பர் சொல்லாதீங்கன்னு நாமதானே விளம்பரம் போட்டோம்?”

“விளம்பரத்துக்கு அரசாங்கம் கொடுத்த நிதியை நல்லாவே செலவழிச்சுட்டோம்யா” என்று மேடம் பெருமூச்சு விட்டார். “ஏமாந்தவங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வந்த நிதிதான் அஞ்சு மணிக்குக் கஜானாவுக்கே திரும்பப் போகுது.”

பட்டியலை இன்னொரு தடவை புரட்டினார். முந்நூறு பேரையும் ஏமாற்றியது ஒரே ஆள். ஒரே குரல்.

மேடம் போனை எடுத்தார்.

“ஹலோ, ஜெயிலுங்களா? அந்த ஆளைக் கொஞ்சம் அனுப்பி வைங்க சார், அவசரமா முந்நூறு அக்கவுண்ட் நம்பர் வாங்கணும்!”