பசித்தால் பேசும் பெட்டி

கொடைக்கானலில் கார்த்திகைக் குளிர் இறங்கியதும் சவரிமுத்துவின் தேனீப் பெட்டி பேச ஆரம்பித்தது. இப்போதெல்லாம் எல்லாப் பெட்டிகளும் பேசும், ஆனால் தேனீக்களுக்கு ஏதாவது குறைந்தால்தான். கனடாவுக்குப் போகுமுன் அவர் மகள் ஜெனிட்டா இதற்குத் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தாள். அவளிடமிருந்து போன் வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும்.

"அப்பா, பசிக்குது" என்றது பெட்டி.

சவரிமுத்து சர்க்கரைப் பாகை அரைக் கிண்ணம்தான் ஊற்றினார். நிறைய வைத்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சே இருக்காது. அரைக் கிண்ணம் என்றால் மறுநாளே கூப்பிடும்.

ஒரு நாள் உச்சிவெயிலில் பக்கத்துத் தோட்டத்துப் பாண்டீஸ்வரி மூடியைத் திறந்து பார்த்துத் திடுக்கிட்டாள். அடிப்பலகையில் செத்த தேனீக்கள் குவிந்து கிடந்தன.

"என்னண்ணே, பட்டினி போட்டா வச்சிருக்கீங்க?"

சவரிமுத்து வீட்டுக்குள் போய்ப் பாகை எடுத்துவந்தார். கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினார். தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினார். அன்றிலிருந்து பாகு குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கிறிஸ்துமஸ் வந்து போனது. பெட்டியும் பேசவில்லை, போனும் வரவில்லை.

வேலியோரம் நின்று பாண்டீஸ்வரி கேட்டாள்: "பெட்டி ஏதாச்சும் சொல்லுச்சாண்ணே?"

"நல்லா இருக்கும்மா" என்றார் சவரிமுத்து. "அதான் கூப்பிடல."