பின்வாங்க மறுத்த கார்

"கார் பின்னுக்குப் போகாது. முடிஞ்சுது கதை" என்றார் இந்திரகுமார்.

சிட்னியில் ஒரு முருகன் கோயில். ஞாயிறு மாலை. வாகன பூசைக்கு வாசலில் ஒரே ஒரு இடம். அங்கே அவருடைய புதுக் கார், மூக்கு மதிலைப் பார்த்தபடி நின்றது. நாலு சக்கரத்துக்கும் பின்னால் எலுமிச்சம்பழம். ஸ்டீயரிங்கில் மனைவி சந்திரவதனா. இந்திரகுமாருக்குக் கண் மங்கி லைசென்ஸ் போன பிறகு, அறுபது வயதில் சந்திரவதனா புதிதாக எடுத்த லைசென்ஸ்.

பூசை முடிந்துவிட்டது. கார்தான் நகரவில்லை.

அடுத்த கார் அப்பளசாமியுடையது. மலேசியாக்காரர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாலரைக்கு ராகுகாலம். மணி நாலு இருபது.

"அண்ணே, கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க. பத்து நிமிசம்தான் இருக்கு."

"புதுக் கார். பூசை முடிஞ்சு முதல் அசைவே பின்வாங்கிறதோ? அபசகுனம்."

"பின்வாங்குறதுன்னா தோத்து ஓடுறது இல்லண்ணே. பழைய தமிழ்ல வாங்குறதுன்னா இழுக்கிறது, வளைக்கிறது. வில்லை வாங்கினான்னு சொல்வாங்க. நாண் பின்னால வந்தாத்தான் அம்பு முன்னால பாயும்."

"இது கார். வில்லு இல்லை."

"கருத்து அதுதாண்ணே..."

"எங்கட ஊரில வாங்கு எண்டால் குந்தி இருக்கிற பலகை. போர்த்துக்கேயன் தந்த சொல்லு. அந்தா ஒண்டு கிடக்கு. போய் இருங்கோ."

அப்பளசாமியின் மனைவி சந்திரிகா கைக்கடிகாரத்தைத் தட்டினார். "ஏங்க, பாடம் நடத்தினது போதும். இன்னும் அஞ்சு நிமிசம்தான்."

கூட்டம் சேர்ந்துவிட்டது.

"படிச்ச மனுசன். இப்பிடியும் ஒரு மூடநம்பிக்கை."

"ஆஸ்திரேலியாவுக்கு வந்தும் திருந்தேல்லை."

ராகுகாலத்துக்குப் பயந்து நின்றவர்களும் தலையாட்டினார்கள்.

இந்திரகுமார் அசையவில்லை. சந்திரவதனா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பளசாமிக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, நானே எடுக்கிறேன். பின்வாங்குற தோஷம் என் தலையிலயே விழட்டும்."

"அது நல்லது. இறங்கும், சந்திரவதனா" என்றார் இந்திரகுமார், உடனே.

அப்பளசாமி ஏறினார். பழங்கள் நசுங்கின. கார் பின்னால் வந்து, திரும்பி, கேட்டைப் பார்த்து நின்றது. அரை நிமிட வேலை. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அப்பளசாமி தன் காருக்கு ஓடினார்.

சந்திரவதனா மறுபடி ஏறி ஓட்டினார். வீட்டுக்குப் போகும் வழியில் கிரவீன் வந்தது. ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டார்.

"நீங்கள் எப்ப இருந்து சகுனம் பாக்கிறனீங்கள்?"

"இண்டைக்கு நாலு மணியில இருந்து."

"சனம் முழுக்க உங்களைப் பைத்தியம் எண்டு சிரிச்சுது."

"சிரிக்கட்டும். ரிவர்ஸ் எண்டவுடன நீர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சதைக் கண்டனான்."

சந்திரவதனா திரும்பி அவரைப் பார்த்தார்.

"பச்சை விழுந்திட்டுது, எடும்" என்றார் இந்திரகுமார். "அடுத்த ஞாயிறு விடிய ஸ்டேஷன் கார் பார்க் வெறுமையாக் கிடக்கும். பின்னுக்கு எடுக்கப் பழகுவம். ஒருத்தரும் பாக்க மாட்டினம்."