ஊசிமிளகாயை விரட்டுங்கள்

"ஒண்ணு அந்த ஊசிமிளகாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இன்னிக்கே முடிவு சொல்லுங்கக்கா."

உட்காருவதற்கு முன்பே தாமார் சொல்லிவிட்டான். தெருவோரக் கடையில் ரெத்னோ காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஊர் வழக்கப்படி, கனலும் கரித்துண்டு போட்ட காப்பி, இன்னும் சீறிக்கொண்டிருந்தது.

யோக்யகர்த்தாவைச் சுற்றியுள்ள சின்ன மருத்துவமனைகளில், நோயாளிகளை வரிசைப்படி கூப்பிட ஒரு மென்பொருள் உண்டு. இலவசம். எழுதுகிறவர்களுக்கும் சம்பளம் கிடையாது. ஆபீஸ் விட்டு வந்து, மிச்ச நேரத்தில் எழுதுகிற கூட்டம். அவர்கள் எழுதி அனுப்புவதைச் சரிபார்த்து மென்பொருளில் சேர்ப்பவள் ரெத்னோ. யாரையும் கடிந்து பேசத் தெரியாதவள்.

ஊசிமிளகாய் என்பது அவர்கள் எழுதி அனுப்பும் இணையதளத்தில் வந்து எல்லோரையும் திட்டும் ஆசாமியின் பெயர். முகம் தெரியாது.

"இப்ப என்ன எழுதிட்டாரு?" என்றாள் ரெத்னோ.

"'இந்தப் பிழையக் கோழி கொத்தியிருந்தாக்கூடச் சரியாகியிருக்கும். தாமாருக்கு ஒரு மாசம் பத்தலை'ன்னு. ஊரே படிக்குது."

பக்கத்தில் ஹெஸ்தி சிரிப்பை அடக்கினாள். அவளும் எழுதுகிறவள்தான். "சரி, பிழைய முடிச்சியா?"

"முடிக்காம? அன்னிக்கே உக்காந்து முடிச்சேன். காய்ச்சலோட."

"அப்புறம் என்ன?"

"உன்னைத் திட்டினா தெரியும்."

"என்னையும்தான் திட்டினான். அக்காவையே தூங்குமூஞ்சின்னான்."

"அதைத்தான் கேக்கறேன். அக்காவுக்குச் சூடு சொரணை இல்லையா? ஒரு பொத்தான அமுக்கினா ஆள் வெளிய."

"அவர் சொல்றதுல தப்பில்லையே தம்பி."

"பாத்தியா, 'அவர்'னு மரியாதை வேற."

ஹெஸ்தி பொரித்த சோயா தெம்பே வாங்க எழுந்து போனாள்.

தாமார் விடவில்லை. "நான் அனுப்பின திருத்தத்துக்கு நீங்க ஒரு பதில்கூடப் போடல. அவனுக்கு மட்டும் வக்காலத்து."

"இதோ போடறேன். கோச்சுக்காத." செல்போனை எடுத்து அவசரமாகத் தட்டினாள்.

தாமாரின் செல்போன் சிணுங்கியது. படித்தான்.

'அருமையான வேலை தம்பி. இப்பவே சேர்த்துடறேன். காய்ச்சல் விட்டுதா? உடம்பப் பாத்துக்க.'

எழுதியவர் பெயர்: ஊசிமிளகாய்.

மறுபடி படித்தான். நிமிர்ந்தான். ரெத்னோ முகத்தைக் காப்பிக் குவளைக்குள் புதைத்திருந்தாள்.

"பேர மாத்த மறந்துட்டீங்க," என்றான் மெதுவாக.

"ஆமா. அழிச்சுடறேன்."

"ஏன்க்கா இப்படி?"

"என் பேர்ல கெஞ்சிப் பாத்தேன். ஒருத்தரும் அசையல. அங்க ஆஸ்பத்திரியில வயசானவங்க கூப்பிடுவாங்கன்னு காத்துக் கிடக்கறாங்க. என் பேர்ல திட்டினா நீங்கல்லாம் ஓடிடுவீங்க. திட்டறதுக்கு நான் என்ன சம்பளமா குடுக்கறேன்?"

"உங்களையே தூங்குமூஞ்சின்னு..."

"சந்தேகம் வரக்கூடாதுல்ல."

ஹெஸ்தி தட்டோடு வந்தாள். "என்ன முடிவு? துரத்தியாச்சா?"

"இருந்துட்டுப் போகட்டும். நல்லதுக்குத்தானே சொல்றான்," என்றான் தாமார்.

ஹெஸ்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு, கடைக்காரரிடம் இன்னொரு காப்பி சொல்லத் திரும்பினாள்.

தாமார் ரெத்னோவின் காதருகே குனிந்தான்.

"ஊசிமிளகாயோட கடவுச்சொல் என்னக்கா? இவ மூணு வாரமா ஒரு வரி எழுதல."