மெஷின் கெட்டுப்போயிருக்கட்டும்

வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை பல மடங்காகத் திரையில் வந்தபோது அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

மெஷினுக்கு மூளை கலங்கிவிட்டது.

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை காலையில், நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன், நோய்நொடி இல்லாத ஒருவரின் ரத்தத்தை மெஷினில் போட்டுப் பார்ப்பார்கள். அது ஒழுங்காக வந்தால் மெஷின் ஒழுங்கு.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த நோய்நொடி இல்லாத ஆள் அவள்தான்.

ரத்தத்தைக் கொடுத்துவிட்டு அவள் முன்னறைக்குப் போய்விடுவாள். போட்டுப் பார்ப்பது சீனியர் டெக்னீஷியனின் வேலை. இன்று அவர் வரத் தாமதமானதால் அவளே போட்டாள்.

மறுபடி போட்டாள். மெஷினின் திரவத்தை மாற்றிப் போட்டாள். எண் அசையவில்லை.

சிரிப்பு போய்விட்டது.

இப்படிப்பட்ட எண்ணை அவள் மற்றவர்களின் ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறாள். அதை உறையில் போட்டுக் கொடுக்கும்போது வாங்குகிறவரின் கையை மட்டும் பார்ப்பாள்.

கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வெயில் என்று நினைத்திருந்தாள்.

ஆண்டவரே, மெஷின் கெட்டுப்போயிருக்கட்டும்.

ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினாள். வெளியே பெஞ்சில் வெறும் வயிற்றோடு காத்திருக்கும் அத்தனை பேரின் மெஷினும் அதுதானே.

நேற்று ஆலயத்தில் ஆயர் காலத்தைப் பற்றித்தான் பேசினார். நம் கையில் இருப்பது சொந்தக் காலமல்ல, இரவல் என்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தது.

ஞாயிறு பள்ளியில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டபோதும், அண்ணியோடு பேசித் தீர்த்துக்கொள் என்று அம்மா மன்றாடியபோதும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. பார்க்கலாம்.

அவள் பார்க்காமலேயே அண்ணன் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது.

சீனியர் உள்ளே வந்தார். அவருக்கு அங்கே பாஸ்டர் என்று பெயர். ஊசி குத்தும்போது ஜெபிக்கச் சொல்வார்; ஆமென் வருவதற்குள் ரத்தம் எடுத்து முடித்திருப்பார். ஒரு வாரமாக மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திரையை ஒரு பார்வை பார்த்தார். உடனே மெஷினை வைய ஆரம்பித்தார்.

இது வந்த நாளிலிருந்தே தரித்திரம் என்றார். சர்வீஸ்காரன் போனை எடுத்தால் அதிசயம், வந்தால் அற்புதம் என்றார். இதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு விரலால் எண்ணினாலே சரியாக வரும் என்றார். மூச்சுவிடாமல் பேசினார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஒவ்வொரு வசவும் அவள் காதில் தேனாக விழுந்தது. இன்னும் வையமாட்டாரா என்றிருந்தது.

ஆனாலும் படித்த படிப்பு விடவில்லை. சந்தேகம் தீர வேண்டுமானால் வேறொரு ஆளின் ரத்தம் வேண்டும்.

புது ஊசியைப் பிரித்தாள்.

"கையைக் குடுங்கண்ணா. உங்க ரத்தத்தைப் போட்டுப் பாத்துடலாம்."

அவர் சட்டைக் கையை மடிக்கவில்லை. வைவதையும் நிறுத்திவிட்டார்.

"போன வாரம் உன்னோடதைப் பாத்தப்பவே என்னோடதைப் போட்டுப் பாத்துட்டேம்மா. எனக்குச் சரியாத்தான் வந்துச்சு" என்றார்.