ஒரு தொந்தரவும் இல்லை

"வாந்தி இருக்கா?"

"இல்லவே இல்லை டாக்டர்" என்றார் கட்டிலில் படுத்திருந்த தையல்காரர்.

புற்றுநோய்க்கான புது மருந்தை முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் வார்டு அது. தொந்தரவு என்று வாயைத் திறந்தால் பெயரை அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருந்தார். தையல்காரருக்கு வேறெந்த மருந்தும் கேட்கவில்லை. இதுதான் கடைசி வழி.

"அரிப்பு?"

"சேச்சே!" போர்வைக்குள் ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருந்தது.

"தூக்கம்?"

"படுத்தா கட்டைதான்."

"எங்கே, விடிய விடிய ஃபேனையே பாத்துக்கிட்டுக் கிடந்தீங்களே..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"உன்னையா கேட்டாங்க?"

டாக்டரம்மா ஃபைலை மூடினார். "ரொம்ப சந்தோஷம். தொந்தரவு இருக்கறவங்களுக்கு இதே அளவுதான் தொடரும். உங்களுக்குத்தான் ஒண்ணுமே இல்லையே, நாளையிலேர்ந்து ரெண்டு மடங்கு."

தையல்காரர் துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், காலையிலேர்ந்து மூணு தடவை வாந்தி! உடம்பெல்லாம் அரிப்பு! தூங்கி நாலு நாளாச்சு!"

டாக்டரம்மா சிரிக்காமல் நர்ஸிடம் திரும்பினார்.

"இவருக்கும் பழைய அளவே போதும் சிஸ்டர். அப்புறம், ரெண்டு மடங்குன்னதும் இந்த வார்டுல எல்லாருக்கும் ஞாபகசக்தி கூடிடுது. அதையும் பக்கவிளைவுல எழுதிக்கங்க."