இரண்டே பேர் பார்த்த சீரியல்

வீட்டுக்கு வீடு டிவியே தனித்தனியாகச் சீரியல் தயாரித்துக் கொடுத்த காலம் அது. அருமைநாயகம் வீட்டுச் சீரியலுக்கு உலகத்திலேயே இரண்டு ரசிகர்கள்தான்: அவரும் மனைவி செண்பகமும். "ஏங்க, ஆரம்பிச்சாச்சு!" என்று அவள் தினமும் கூப்பிடுவாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்காருவார்.

அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று டிவியைப் போட்டார்.

"பார்வையாளர்கள் பாதியாகக் குறைந்துவிட்டதால் தொடர் நிறுத்தப்படுகிறது" என்றது.

"சீரியல்ல வர்ற மாலதி கல்யாணத்தைப் பாக்கணும்னு கெடந்தாளே!" என்று அதட்டினார். திரை அசையவில்லை.

சுவரிலிருந்த அவள் படத்தை இறக்கினார். முகத்தை மறைத்த மாலையைக் கழற்றிவிட்டு, பக்கத்து நாற்காலியில் டிவியைப் பார்க்க வைத்தார்.

டிவி முகங்களை எண்ணியது. டைட்டில் பாட்டு ஒலித்தது.

"செண்பகம், ஆரம்பிச்சாச்சு" என்றார்.