நாலு வயசுப் பனியன்

"உன் பையனுக்கு வயசு என்ன?"

"நாலு முடிஞ்சுதுங்க சார்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு வயசுப் பனியனை எடுத்தே?"

பிரியங்கா கையிலிருந்த மஞ்சள் பனியனை மடித்தபடி நின்றாள்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. வெளிநாட்டுக் குழந்தைகளுக்குத் தைத்து அனுப்பியதில் மிஞ்சிய பனியன்களை, கம்பெனியில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். பட்டியல், கேள்வி கேட்ட இன்சார்ஜ் தீனதயாளன் கையில் இருந்தது.

"சாமளாபுரத்துல இவளோட அக்காளுக்கு ரெண்டு வயசுல ஒரு பையன் இருக்கானுங்க சார்" என்றாள், செக்கிங் மேசையிலிருந்து மாரக்காள்.

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"அப்படிப் போடு! கம்பெனித் துணியில அக்கா ஊட்டுக்குச் சீர் செய்யறயா?"

"இல்லீங்க சார். என்ற பையனுக்குத்தானுங்க. நாலு வயசுது அவனுக்குப் பெருசுங்க."

"எனக்கே அளவு சொல்லித் தர்றியா? இருபத்திரண்டு வருசமா இதே வேலை. லேபிளைப் பார்க்காம, துணியத் தொட்டே எத்தனை மாசக் குழந்தைக்குன்னு சொல்லுவேன்."

பனியனைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டார்.

"நாளைக்குப் பையனைக் கூட்டிட்டு வா. சொன்னது பொய்யின்னா, அப்படியே திரும்பிப் போயிரு. வேலைக்கு வர வேண்டாம்."

மறுநாள் காலை எட்டேகாலுக்கே பிரியங்கா வந்துவிட்டாள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா பையனையே தூக்கிட்டு வந்துட்டா பாருங்க!" என்றாள் மாரக்காள். வேலைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

இரண்டு பனியன்களோடு தீனதயாளன் வந்தார்.

"உன் பேரென்ன கண்ணு?"

"பரணிதரனுங்க. எல்.கே.ஜி., பி செக்‌ஷன். எங்க மிஸ்ஸு பேரு அனுப்ரியா. நூறு வரைக்கும் சொல்லட்டுங்களா?"

யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவனாகவே ஆரம்பித்தான். முப்பதைத் தாண்டியபோது கூட்டத்தில் சிரிப்பு நின்றிருந்தது. இரண்டு வயதுப் பிள்ளை அப்படிப் பேசாது.

தீனதயாளன் நாலு வயசுப் பனியனை மாட்டிப் பார்த்தார். முழங்கால் வரை தொங்கியது. கழுத்து, தோளை விட்டு நழுவியது.

ரெண்டு வயசுப் பனியனை மாட்டினார். அதுவும் கொஞ்சம் தொளதொளத்தது.

அவருக்கு மனசு என்னவோ செய்தது. அது கோபமாகத்தான் வெளியே வந்தது.

"பெத்தவளா நீ? இவன் வயித்துல இருக்கறப்பவே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒழுங்கா ஓய்வெடுத்திருந்தா, புள்ளை இப்படி இருப்பானா?"

பிரியங்கா குரலை உயர்த்தவில்லை. எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னாள்.

"ஏழாம் மாசத்துல உங்ககிட்டத்தானுங்க சார் லீவு கேட்டேன். மூணு தடவை கேட்டேன். 'ஷிப்மெண்ட் போகட்டும், அப்புறம் போய்ப் பெத்துக்கோ'ன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தியே இவன் வந்துட்டானுங்க."